எஞ்சியிருந்த ஒற்றைக் கண்: பாரிஸ் எதிர் ஸ்டெப்னி பரோ கவுன்சில் வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

பாதுகாப்புக் கருவி கொடுக்கப்படாததால் வேலையில் காயமடைந்த ஒருவர் இழப்பீடு கேட்டு நீதிமன்றத்துக்குச் சென்றால், எதிர்த்தரப்பிலிருந்து முதலில் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: இந்த வேலைக்கு அந்தக் கருவியைக் கொடுக்கும் வழக்கம் எங்கும் இல்லை. இந்தப் பதில் எவ்வளவு தூரம் செல்லும், எந்த இடத்தில் செல்லாமல் போகும் என்பதை நேரடியாக எடுத்து ஆராய்ந்த தீர்ப்புகளில் முதன்மையானது, 1950 டிசம்பர் 13 அன்று, அக்காலத்தில் பிரிட்டனின் மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வழங்கிய பாரிஸ் எதிர் ஸ்டெப்னி பரோ கவுன்சில் தீர்ப்பு. பாடநூல்களில் இரண்டு வரிக்குள் சுருங்கிவிடும் வழக்கு இது. அதன் உண்மைகளையும், மூன்று நிலை நீதிமன்றங்கள் ஒன்றையொன்று மறுத்துப் பேசிய விதத்தையும் முழுமையாகப் படித்தால்தான், பாதுகாப்புக் கருவி குறித்த இழப்பீட்டு வழக்குகளில் இன்றும் வாதங்கள் ஏன் இப்படிப் பிரிகின்றன என்பது விளங்கும்.

நடந்தது

வாதியான பாரிஸ் என்ற தொழிலாளி, லண்டனின் கிழக்குப் பகுதியில் இருந்த ஸ்டெப்னி உள்ளாட்சி மன்றத்தின் வாகனப் பட்டறையில் 1942-ஆம் ஆண்டு வேலைக்குச் சேர்ந்தவர். அதற்கு ஓராண்டு முன்பு, 1941 மே மாதம், போர்க்காலத் தாக்குதலில் அவருடைய இடது கண் ஏறத்தாழ முழுமையாகப் பார்வை இழந்திருந்தது. வேலைக்கு எடுக்கும்போது அவருக்கு மருத்துவப் பரிசோதனை நடத்தப்படவில்லை. 1946 ஜூலையில், அவரை நிரந்தரப் பணியாளராக்கி ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ப்பது குறித்துப் பரிசோதனை நடந்தபோதுதான் அந்தக் குறை பதிவேட்டில் ஏறியது. ஓய்வூதியத் திட்டத்தில் அவரைச் சேர்க்க முடியாது என்று முடிவானது. 1947 மே 16 அன்று, இரண்டு வாரத்தில் வேலை முடிவடையும் என்று அவருக்கு அறிவிப்பு கொடுக்கப்பட்டது. அதன்படி மே 30 அவருடைய கடைசி நாள்.

மே 28 அன்று, தெருச் சாக்கடைகளைச் சுத்தம் செய்யப் பயன்படும் ஒரு வாகனத்தின் அடிப்பகுதியை அவர் பிரித்துக்கொண்டிருந்தார். வாகனம் சாய்தளத்தின் மீது தரையிலிருந்து ஓர் ஆள் குனிந்து நிற்கும் அளவுக்கு உயர்த்தப்பட்டிருந்தது. அச்சின் ஸ்பிரிங் பட்டைகளைப் பிடித்திருந்த யூ போல்ட் துருவேறி இறுகியிருந்தால் அதைச் சுத்தியலால் அடித்துத் தளர்த்துவதுதான் பட்டறை வழக்கம். அவரும் எஃகுச் சுத்தியலால் அடித்தார். ஓர் அடியில் உலோகத் துணுக்கு ஒன்று தெறித்து, பார்வை இருந்த வலது கண்ணில் பாய்ந்தது. அந்தக் கண்ணும் போனது. கண்களைக் காக்கும் கண்ணாடி அவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கவில்லை.

இந்த நாள்களின் வரிசையில் வழக்கின் உயிர் இருக்கிறது. தொழிலாளியின் குறை முதலாளிக்கு விபத்துக்குப் பத்து மாதங்கள் முன்பே தெரிந்திருந்தது. அந்தத் தகவல் அவரை ஓய்வூதியத்திலிருந்து விலக்கப் பயன்பட்டதே தவிர, எஞ்சியிருந்த கண்ணைக் காப்பாற்றப் பயன்படவில்லை. ஒரு நிறுவனத்தின் கோப்பில் மருத்துவ அறிக்கை வந்து சேர்வதும், அந்த அறிக்கை வேலைத்தளத்தில் நிற்கும் மேற்பார்வையாளரின் முடிவாக மாறுவதும் இரண்டு வெவ்வேறு நிகழ்வுகள். பாதுகாப்புக் கருவி தொடர்பான விபத்துகள் பலவும் இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் நிகழ்கின்றன.

இழப்பீட்டுக்கு இருந்த வழிகள்

அக்காலத்து இங்கிலாந்தில் காயமடைந்த தொழிலாளிக்கு இரண்டு பாதைகள் இருந்தன. முதலாவது, தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் வழி: முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை, ஆனால் கிடைப்பது வாரத் தொகைகளாக, அளவாகக் கிடைக்கும். இரண்டாவது, பொதுச்சட்டத்தின்படி (நீதிமன்றத் தீர்ப்புகள் வழியே உருவான சட்டத்தின்படி) கவனக்குறைவுக்காக வழக்குத் தொடுப்பது: தவறை நிரூபிக்க வேண்டும், நிரூபித்தால் முழு நஷ்டஈடு கிடைக்கும். இரண்டாவது பாதைக்கு 1937-இல் வில்சன்ஸ் அண்ட் கிளைடு நிலக்கரி நிறுவன வழக்கில் பிரபுக்கள் சபை உறுதியான தளம் அமைத்திருந்தது: தகுதியான சக ஊழியர்கள், போதுமான கருவிகள், பாதுகாப்பான வேலைமுறை ஆகியவற்றை அளிப்பது முதலாளியின் சொந்தக் கடமை, அதை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு அவர் கைகழுவ முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். ஸ்டெப்னி வழக்கின் வாதி இந்த இரண்டாவது பாதையில் வந்தார். கண்ணாடி கொடுத்து அதை அணியச் சொல்லியிருக்க வேண்டும், அதைச் செய்யாதது கவனக்குறைவு என்பது அவர் வழக்கு.

மூன்று நீதிமன்றங்கள், இரண்டு கேள்விகள்

விசாரணை நீதிபதி லின்ஸ்கி, வாதிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து 5,250 பவுன் பொது நஷ்டஈடு வழங்கினார். சாதாரணத் தொழிலாளிக்கு இந்த வேலையில் கண்ணாடி தேவையில்லை என்றாலும், ஒரே கண்ணோடு இருப்பதாகத் தெரிந்த இந்தத் தொழிலாளிக்குத் தேவை என்பது அவர் எடுத்த நிலை.

மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டியது. அங்கே முன்வைக்கப்பட்ட காரணம் மேலோட்டமாகப் பார்த்தால் வலுவானது. இடது கண் இல்லாததால் வலது கண்ணில் துணுக்கு பாயும் வாய்ப்பு சிறிதும் கூடவில்லை; இரண்டு கண்ணுள்ள சக தொழிலாளிக்கு எவ்வளவு வாய்ப்போ அவ்வளவுதான் இவருக்கும். காயம் நேரும் அபாயம் கூடுவது வேறு, நேரும் காயம் பெரிதாவது வேறு, பொறுப்பைத் தீர்மானிக்க முன்னது மட்டுமே பொருந்தும் என்று நீதிபதி அஸ்க்வித் எழுதினார். அந்தத் தர்க்கத்தின்படி, முதலாளி பார்க்க வேண்டியது விபத்து எத்தனை தடவை நடக்கக்கூடும் என்பதை மட்டும். நடந்தால் யாருக்கு என்ன ஆகும் என்பது அவருடைய கணக்கில் வராது.

பிரபுக்கள் சபை, மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில், இந்தத் தர்க்கத்தை ஏற்கவில்லை. நார்மண்ட் பிரபு, ஓக்ஸி பிரபு, மெக்டெர்மாட் பிரபு ஆகிய மூவரும் மேல்முறையீட்டை அனுமதித்தனர். முதலாளியின் கடமை தொழிலாளர் கூட்டம் என்ற பொதுவான ஒன்றுக்கு உரியது அல்ல, ஒவ்வொரு தொழிலாளிக்கும் தனித்தனியாக உரியது என்பது அவர்களின் தொடக்கப் புள்ளி. அப்படியானால், ஒரு குறிப்பிட்ட தொழிலாளிக்கு விபத்தின் விளைவு மற்றவர்களைவிடக் கொடியதாக இருக்கும் என்பது முதலாளிக்குத் தெரிந்திருக்கும்போது, அந்த அறிவும் கடமையின் அளவைத் தீர்மானிக்கும் சூழ்நிலைகளில் ஒன்றாகிவிடுகிறது. நியாயமான எந்த மனிதரும் அன்றாட வாழ்வில் வாய்ப்பையும் விளைவையும் சேர்த்தே எடைபோடுகிறார் என்பதால், சட்டம் மட்டும் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடக் காரணம் இல்லை என்பதும் அவர்கள் கருத்து. என் பார்வையில், மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் வாதம் எவ்வளவு துல்லியமாக எழுதப்பட்டிருந்தாலும் மனிதரை விட்டுவிட்டு நிகழ்தகவை மட்டும் பார்த்த வாதம். பெரும்பான்மைத் தீர்ப்பு மனிதரை மீண்டும் கணக்குக்குள் கொண்டுவந்தது.

‘யாரும் கொடுப்பதில்லை’ என்ற பதில்

இந்த வழக்கில் மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி, வழக்கமான நடைமுறை பற்றிய விவாதம். விசாரணையில் பதிவான சாட்சியம், பழுதுபார்க்கும் பட்டறைகளில் இந்த வகை வேலைக்குக் கண்ணாடி கொடுக்கும் வழக்கம் பொதுவாக இல்லை என்ற பக்கமே கனமாகச் சாய்ந்தது. ஸ்காட்லாந்தின் 1909-ஆம் ஆண்டு மார்ட்டன் எதிர் வில்லியம் டிக்சன் வழக்கில் டனிடன் பிரபு வகுத்த அளவுகோலையும் பிரதிவாதித் தரப்பு நம்பியிருந்தது. முதலாளி ஒன்றைச் செய்யாமல் விட்டதே குற்றச்சாட்டு எனில், அதே சூழ்நிலையில் மற்றவர்கள் வழக்கமாகச் செய்வதை அவர் விட்டுவிட்டார் என்று காட்ட வேண்டும். அல்லது, அதை அளிக்காமல் விடுவது எவருக்கும் மடமையாகும் அளவுக்கு அதன் தேவை வெளிப்படையாக இருந்தது என்று காட்ட வேண்டும். இதுவே அந்த அளவுகோல்.

நார்மண்ட் பிரபு அந்த அளவுகோலைத் தள்ளிவிடவில்லை. வழக்கம் பற்றிய சாட்சியம் தமக்கு எதிராக இருப்பதை வாதி மறுக்க முடியாது என்றும் ஒப்புக்கொண்டார். ஆனால் அந்தச் சாட்சியம் யாரைப் பற்றியது என்று கேட்டார். உடற்குறை ஏதுமற்ற தொழிலாளிக்கு மற்ற பட்டறைகளில் என்ன கொடுக்கிறார்கள் என்பதையே அது சொல்கிறது. ஒரு கண் மட்டுமே உள்ளவருக்கு மற்ற முதலாளிகள் என்ன செய்கிறார்கள் என்பதற்குச் சாட்சியம் கிடைப்பது அரிது, ஏனெனில் அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு. எனவே வழக்கம் என்ற அளவுகோல் இங்கே பேச வழியில்லாமல் நின்றுவிடுகிறது. நியாயமும் முன்னெச்சரிக்கையும் உள்ள ஒருவர் என்ன செய்திருப்பார் என்பதை நீதிமன்றமே உண்மைகளிலிருந்து முடிவு செய்தாக வேண்டும். அந்த உண்மைகள் மூன்று: இந்த வேலையில் உலோகத் துணுக்கு தெறிக்கும் என்பது அறிந்த அபாயம், அடிக்கும்போது தொழிலாளியின் கண்கள் போல்ட்டுக்கு மிக அருகில், அதன் மட்டத்திலோ அதற்குக் கீழேயோ இருந்தன, துணுக்கு அந்த ஒற்றைக் கண்ணில் பாய்ந்தால் விளைவு பேரழிவு. இவை மூன்றும் சேர்ந்து விசாரணை நீதிபதியின் முடிவை நியாயப்படுத்துகின்றன என்றார்.

வாகனத்தின் அடியில் நின்று வேலை செய்த எவருக்கும் இரண்டாவது உண்மையின் கனம் தெரியும். முகத்துக்கு நேரே அடிக்கும்போது தலையைத் திருப்பிக்கொள்ள இடமிருக்காது. தீர்ப்பு அந்த உடல்நிலையைக் கவனித்தது, வழக்கறிஞர்களின் வாதங்களுக்கு நிகரான எடையை அதற்குக் கொடுத்தது. பாதுகாப்புக் கருவி வழக்கு நடத்துவோர், காயம் எப்படி நேர்ந்தது என்பதோடு, வேலை செய்யும் நிலையில் உடல் எங்கே, எப்படி இருந்தது என்பதையும் சாட்சியத்தில் கொண்டுவருவது எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

சிறுபான்மையில் நின்றவர்கள் சைமண்ட்ஸ் பிரபுவும் மார்ட்டன் பிரபுவும். அவர்களின் மறுப்பை அலட்சியமாக ஒதுக்க முடியாது. விளைவு எவ்வளவு கொடியதோ அவ்வளவுக்கு முன்னெச்சரிக்கை கூட வேண்டும் என்ற கொள்கையை மார்ட்டன் பிரபுவும் ஏற்றார். ஆனால் இரண்டு கண்ணுள்ளவருக்குக் கண்ணாடி கொடுக்கத் தேவையில்லாத அளவுக்கு அபாயம் சிறியது என்று முடிவு செய்துவிட்டால், ஒரு கண்ணுள்ளவருக்கு மட்டும் அது கட்டாயமாகிவிடும் என்பது தமக்கு ஏற்புடையதாக இல்லை என்றார். ஒரு கண்ணை இழப்பது யாருக்குமே பெரிய இழப்புதானே என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை, எல்லோருக்குமே கண்ணாடி கொடுத்திருக்க வேண்டும் என்பதாக இருக்கலாம். ஆனால் சிறுபான்மை நீதிபதிகள் சென்ற திசை அதுவன்று.

கருவி இருந்திருந்தால் அணிந்திருப்பாரா

கடமை மீறப்பட்டது என்று நிரூபித்த பிறகும் தொழிலாளிக்கு இன்னொரு தடை இருக்கிறது. கருவி கொடுக்கப்பட்டிருந்தாலும் அவர் அதை அணிந்திருக்க மாட்டார் என்று முதலாளி காட்டிவிட்டால், கொடுக்காததற்கும் காயத்துக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. 1962-இல் பிரபுக்கள் சபை தீர்த்த மெக்வில்லியம்ஸ் எதிர் சர் வில்லியம் ஏரல் வழக்கு இதற்குக் கடுமையான சான்று. இரும்புச் சட்டங்களைப் பொருத்தும் தொழிலாளி ஒருவர் சுமார் 70 அடி உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். பாதுகாப்பு பெல்ட்டுகள் அந்த இடத்தில் இருந்தன. விபத்துக்கு இரண்டு, மூன்று நாள் முன்பு வேறொரு பணியிடத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டிருந்தன. கொடுக்க வேண்டியதை முதலாளி கொடுக்கவில்லை என்பதில் ஐயமில்லை. ஆனால் இறந்தவர் இத்தகைய வேலையில் பெல்ட் அணியும் பழக்கம் இல்லாதவர் என்ற சாட்சியம் ஏற்கப்பட்டு, மனைவியின் வழக்கு தோற்றது. இறந்துவிட்டவர் அந்த ஒரு நாளில் என்ன செய்திருப்பார் என்பதை அவருடைய பழைய நாள்களைக் கொண்டு முடிவு செய்வது நியாயமா என்ற கேள்வி என்னை விட்டு நீங்குவதில்லை; அணியும் பழக்கம் உருவாகாமல் போனதிலும் முதலாளிக்குப் பங்கு இருக்கக்கூடும் அல்லவா?

அந்தப் பங்கை 1973-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பக்ஸ் எதிர் ஸ்லவ் மெட்டல்ஸ் வழக்கில் அங்கீகரித்தது. வார்ப்பாலையில் உருகிய உலோகம் கண்ணில் தெறித்துக் காயமடைந்தவர் வாதி. அவருக்குக் கண்ணாடி கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் அது ஆவி படிந்து மங்குவதால் அவர் அணிவதை விட்டுவிட்டார், மேற்பார்வையாளரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. கண்ணாடியை வழங்கியதன் மூலம் சட்டவிதியை முதலாளி நிறைவேற்றிவிட்டார் என்றாலும், அணியுமாறு உறுதியாக அறிவுறுத்துவதும், வலியுறுத்துவதும், கண்காணிப்பதும் பொதுச்சட்டக் கடமையின் பகுதி என்றும், அதை அவர் நிறைவேற்றவில்லை என்றும் நீதிமன்றம் கூறியது. தொழிலாளியின் பங்குக் கவனக்குறைவுக்காக நஷ்டஈட்டில் 40 சதவீதம் குறைக்கப்பட்டது.

இந்த வரிசையில் அண்மையது 2016-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வழங்கிய கென்னடி எதிர் கார்டியா தீர்ப்பு. வீடுவீடாகச் சென்று நோயாளிகளைப் பராமரிக்கும் பெண் ஊழியர் ஒருவர், 2010 டிசம்பரில் கிளாஸ்கோவில் பனிபடர்ந்த சரிவான பாதையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் காயமடைந்தார். பனியில் வழுக்கும் அபாயத்தை நிறுவனம் முன்பே மதிப்பிட்டிருந்தது. ஆனால் ஏற்ற காலணி அணியுங்கள் என்று ஆலோசனை சொன்னதோடு நின்றுவிட்டது, காலணியில் மாட்டும் வழுக்குத்தடுப்புப் பட்டைகள் போன்றவற்றைக் கருதிப் பார்க்கவே இல்லை. அபாயங்களைப் பற்றித் தானாகவே தெரிந்துகொள்ள வேண்டிய கடமை முதலாளிக்கு உண்டு என்று நீதிமன்றம் கூறி, ஊழியருக்குச் சாதகமாகத் தீர்த்தது. காரணத்தொடர்பு பற்றி அது சொன்னது வாதிகளுக்கு மிக முக்கியமானது: எந்த அபாயத்திலிருந்து காக்கக் கருவி அளித்திருக்க வேண்டுமோ, அதே அபாயத்தால் காயம் நேர்ந்து, அளித்திருந்தால் அணிந்திருப்பார் என்பதும் நிறுவப்பட்டால், அளிக்கத் தவறியது காயத்துக்குக் கணிசமான பங்காற்றியது என்று ஊகிப்பது வழக்கமாக நியாயமானதே.

தனி மனிதரை அளவாகக் கொள்ளும் ஸ்டெப்னி தீர்ப்பின் எண்ணம் பிரிட்டனின் 1992-ஆம் ஆண்டுத் தனிநபர் பாதுகாப்புக் கருவி விதிகளில் எழுத்து வடிவம் பெற்றிருக்கிறது: கருவி பொருத்தமானது என்று கருதப்பட வேண்டுமானால், அணிபவரின் உடல்நிலையைக் கணக்கில் கொண்டதாகவும், அவருக்குச் சரியாகப் பொருந்துவதாகவும் இருக்க வேண்டும். ஆண்களின் அளவில் வந்து குவியும் கையுறைகளையும் காலணிகளையும் பெண் தொழிலாளர்களுக்கு அப்படியே கொடுத்துவிட்டுக் கணக்கை முடிப்பவர்கள் இந்த விதியைப் படிக்க வேண்டும். ஆனால் 2013 அக்டோபர் 1-க்குப் பிறகு நடந்த விபத்துகளுக்கு, இத்தகைய விதி மீறப்பட்டதை மட்டும் காட்டி நேரடியாக நஷ்டஈடு கேட்கும் உரிமையைப் பிரிட்டன் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. எனவே அங்குள்ள தொழிலாளி மீண்டும் கவனக்குறைவை நிரூபிக்கும் பாதைக்கே தள்ளப்பட்டிருக்கிறார். எழுபது ஆண்டுகளைக் கடந்த ஸ்டெப்னி தீர்ப்பின் முக்கியத்துவம் அதனால் குறையாமல் கூடியிருக்கிறது.

இதே உண்மைகள் இந்தியாவில் நிகழ்ந்தால்

இந்தியாவில் 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் தவறை நிரூபிக்கக் கேட்கவில்லை. அதன் முதலாம் அட்டவணைப்படி, பார்வை அவசியமான எந்த வேலையையும் செய்ய முடியாத அளவுக்குப் பார்வை போனால் அது 100 சதவீத இழப்பு. மறு கண் நன்றாக இருக்கும்போது ஒரு கண்ணின் பார்வை மட்டும் போனால் 30 சதவீதம். ஸ்டெப்னியில் நீதிபதிகளைப் பிளவுபடுத்திய வேறுபாட்டை, தொகையைப் பொறுத்தவரை, அட்டவணையே தீர்த்துவைத்தது. பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே புறக்கணித்தார் என்ற வாதமும், மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் முதலாளிக்குக் கைகொடுக்கவில்லை; சட்டத்தின் 3-ஆம் பிரிவே அதைத் தடுத்தது. அதைவிடக் குறைந்த காயங்களில் அந்த வாதம் செல்லுபடியானது. அதிலும், சாதனம் உண்மையில் அளிக்கப்பட்டிருந்தது, அது பாதுகாப்புக்கானது என்று தொழிலாளிக்குத் தெரிந்திருந்தது, அவர் வேண்டுமென்றே அதை ஒதுக்கினார் ஆகிய மூன்றும் இருந்தாக வேண்டியிருந்தது. கிடங்கில் பூட்டிவைத்த கண்ணாடியை அளிக்கப்பட்ட சாதனம் என்று ஏற்கக் கூடாது.

தொழிலாளி ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருந்தால் நிலை வேறு. நிரந்தர முழு ஊனத்துக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் வாழ்நாள் முழுவதும் கிடைக்கும். ஆனால் 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 53-ஆம் பிரிவு, அதே காயத்துக்காக முதலாளி மீது நஷ்டஈட்டு வழக்குத் தொடுப்பதைத் தடுத்தது. உரிமையியல் நீதிமன்றத்தில் கவனக்குறைவுக்காகத் தொடுக்கும் வழக்கும் இந்தத் தடைக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1997-இல் வெஸ்டர்ன் இந்தியா பிளைவுட் வழக்கில் உறுதி செய்தது. ஆகவே ஸ்டெப்னித் தொழிலாளியின் இடத்தில் இருந்த ஈ.எஸ்.ஐ. தொழிலாளி, ஏன் எனக்குக் கண்ணாடி தரவில்லை என்ற கேள்வியை இழப்பீட்டு வழக்காக எழுப்ப முடியவில்லை. தவறை நிரூபிக்கும் சுமை இல்லாமல் மாதந்தோறும் பணம் வருவது பெரிய ஆறுதல், அதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனாலும் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய இடத்தில் முதலாளியை யாரோ ஒருவர் நிறுத்தியாக வேண்டும்.

அந்தப் பொறுப்பு தொழிற்சாலை ஆய்வாளரிடம் வந்து சேர்கிறது. தெறிக்கும் துணுக்குகளால் கண்ணுக்கு அபாயமுள்ள வேலைகளில் தடுப்புத் திரையோ தகுந்த கண்ணாடியோ அளிக்க வேண்டும் என்று மாநில அரசு விதி செய்ய 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 35-ஆம் பிரிவு இடமளித்தது. அத்தகைய விதி மீறப்பட்டு பலத்த காயம் நேர்ந்தால் 92-ஆம் பிரிவு குறைந்தபட்சமாக விதித்த அபராதம் 5,000 ரூபாய்தான், அதில் ஒரு ரூபாய்கூடக் காயமடைந்தவருக்கு உரிமையாகப் போகவில்லை. 2020-ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த அபராதத்தை லட்சங்களாக உயர்த்தியதோடு, அதில் பாதிக்குக் குறையாத தொகையைப் பாதிக்கப்பட்டவருக்கோ அவருடைய வாரிசுகளுக்கோ கொடுக்குமாறு உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளித்திருக்கிறது. ஈ.எஸ்.ஐ. தடையால் வழக்குத் தொடுக்க முடியாத தொழிலாளிக்கு, தவறின் அடிப்படையில் ஒரு தொகை கிடைக்க இதுவே எஞ்சியுள்ள வாசல். எனவே விபத்து நடந்த அன்றே ஆய்வாளருக்கு எழுத்தில் புகார் போக வேண்டும்: எந்தக் கருவி கொடுக்கப்படவில்லை, அந்த வேலையில் தொழிலாளியின் உடல் எந்த நிலையில் இருந்தது, அவருடைய உடற்குறை பற்றி நிர்வாகத்துக்கு எப்போதிலிருந்து தெரியும் என்ற மூன்றையும் அந்தப் புகார் தேதியோடு சொல்ல வேண்டும்.